பஃபரிங் தடங்கல் அன்று

நேரலையின் நடுவே படம் உறைந்து, திரையில் வட்டம் சுழலத் தொடங்கினால் அதனைப் ‘பஃபரிங், அதாவது தடங்கல்’ என்று எழுதிவிடும் வழக்கம் பெருகிவிட்டது. தூர்தர்ஷனின் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை நம் நினைவை விட்டு இன்னும் அகலவில்லை போலும். ஆனால் இது மருந்துக்கு நோயின் பெயரைச் சூட்டுவதாகும்.

ஆங்கிலத்தில் ‘பஃப்’ என்பது மெத்தென்ற பொருளின்மேல் அடி விழும் ஓசையைக் குறித்த பழஞ்சொல். 19ஆம் நூற்றாண்டில் ரயில் பெட்டிகளின் முனையில் மோதலை வாங்கிக்கொள்ளும் உறுப்புக்குப் ‘பஃபர்’ என்ற பெயர் வழங்கியது; பிறகு வேதியியலுக்கும் கணினிக்கும் பரவியது. கணினியில் அது, ஒரு வேகத்தில் வரும் தரவை இன்னொரு வேகத்தில் செலவிடுவதற்காகத் தேக்கிவைக்கும் நினைவகப் பகுதி.

காணொளி நொடிக்கு 500 கிலோபிட் கேட்க, இணைப்பு 250 மட்டுமே தந்தால், 10 நொடிப் படம் வந்துசேர 20 நொடியாகும். பதிவுசெய்த படமாயின் நிறுத்திவைத்து, போதிய அளவு சேர்ந்தபின் பார்க்கலாம். நேரலையில் இன்னும் நிகழாததை முன்கூட்டிச் சேர்க்க வழியில்லை. ஆகவே நிகழ்வுக்குச் சில நொடிகள் பின்தங்கிக் காட்டி, அந்த இடைவெளியளவுக்கே சேமிக்க முடிகிறது. அச்சேமிப்பும் தீர்ந்தால் படம் நிற்கிறது. நிற்பது தடங்கல், மறுபடி சேர்ப்பதே பஃபரிங்.

கலைச்சொல் பட்டியல்களில் ‘பஃபர்’ என்பதற்கு ஈடாகக் காணும் ‘இடையகம்’ பிழையான சொல் அன்று. அதனாலேயே அதை மறுப்பது கடினமாக இருக்கிறது. ஆயினும் அது பொருளின் இருப்பிடத்தைச் சொல்கிறதேயன்றி அதன் தொழிலைச் சொல்லவில்லை. இரண்டுக்கு நடுவில் இருக்கும் எதையும் இடையகம் எனலாம், மாடிப்படித் திருப்பத்தையும்கூட. அதிலிருந்து ‘இடையகப்படுத்துகிறது’ என்றொரு வினையை உண்டாக்கித் திரையில் போட்டால், படிப்பவர் சுழலும் வட்டத்தைப் பார்த்தே பொருள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. வேர்ச்சொற்களை ஒட்டவைத்ததோடு பணி முடிந்ததென்று எண்ணும் மொழிபெயர்ப்பாளர்கள், தாம் ஆக்கிய சொல்லை ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை.

என் தெரிவு ‘தாங்கல்’. வேதியியல் பாடநூல்களில் பஃபர் கரைசலுக்குத் ‘தாங்கல் கரைசல்’ என்ற பெயர் முன்பே இருக்கிறது. அதைவிட மேலான சான்று நிலத்திலேயே இருக்கிறது: தமிழகத்தின் வடமாவட்டங்களில் தாங்கல் என்பது பாசனத்துக்கு நீர் தேக்கும் சிறிய ஏரி, வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என ஊர்ப்பெயர்களிலும் அச்சொல் நிற்கிறது. வரத்து சீராக இல்லாதபோதும் மடையில் நீர் சீராக ஓடுவதற்காக அமைத்தது அது. வரத்தைவிடச் செலவு மிகுந்தால் வற்றும். மறுபடி நிரம்பும்வரை வயல் காத்திருக்கும். மெதுவான இணைப்பில் நேரலைக்கு நேர்வது இதுவேயன்றி வேறில்லை. ‘மனத்தாங்கல்’ நினைவுக்கு வந்து குழப்பும் என்பார்கள். அந்த அச்சம் வேண்டியதில்லை, வருத்தத்தைச் சொல்லும்போது ‘மன’ என்னும் முன்னொட்டே பொருளைப் பிரித்துக் காட்டிவிடும்.

வினையைத் தனியே ஆக்கவும் வேண்டாம். படம் நிற்கும்போது ‘தாங்கல் வற்றியது’, வட்டம் சுழலும்போது ‘தாங்கல் நிரம்புகிறது’ என்று எழுதினால் போதும்.