தெற்குக் ‘கணவாய்’ அல்ல, தெற்குக் கழுத்து

மே மாதம் வந்தால் எவரெஸ்ட் செய்திகள் வரும். கூடவே ‘தெற்குக் கணவாய்’ என்ற தொடரும் வந்துவிடும். எவரெஸ்டுக்கும் பக்கத்துச் சிகரமான லோட்சேக்கும் நடுவே சுமார் 7,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ‘சவுத் கோல்’தான் இப்படித் தமிழாக்கப்படுகிறது. இது தவறு.

மூலச்சொல் லத்தீன் மொழியின் ‘கொல்லும்’ (collum), அதாவது கழுத்து. அது பிரெஞ்சில் ‘கோல்’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் சாலை கடக்கும் கணவாயையும் அப்படி அழைப்பதுண்டு. மலையேறிகளின் வழக்கில் அது இரு சிகரங்களை இணைக்கும் முகட்டின் தாழ்ந்த பகுதி.

கணவாய் என்றால் மக்கள் மலையைக் கடக்கும் வழி. கைபர் கணவாய் அப்படிப்பட்டது. ஷெர்பாக்கள் யாக் மாடுகளோடு திபெத்துக்கு வணிகம் செய்யப் போய்வந்த நாங்பா லாவும், 5,700 மீட்டருக்கு மேல் இருந்தாலும், கணவாய்தான். தெற்குக் கோல் வழியாக யார் எங்கே கடந்தார்கள்? 1952இல் சுவிஸ் குழுவினரும், 1953 மே 21 அன்று பிரிட்டிஷ் குழுவின் வில்பிரட் நாய்ஸும் ஷெர்பா அன்னுல்லுவும் மேற்குப் பக்கமாக ஏறி அங்கே சேர்ந்தார்கள். அதே பக்கமாகத்தான் இறங்கினார்கள். கிழக்கே காங்சுங் சுவர் செங்குத்தாக விழுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து முதன்முதலில் ஏறி வந்தது 1988இல், நான்கே பேர் கொண்ட குழு. அதுவும் உச்சியை நோக்கி வந்த குழு, மறுபக்கம் போக வந்ததல்ல.

‘கணவாய்’ என்று படிப்பவர் மனத்தில் இருபுறமும் பாறைச்சுவர் நிற்க, நடுவில் ஓர் இடுக்கு விரியும். உண்மையில் அங்கே இருப்பது காற்று பனியைத் துடைத்தெடுத்த, கல்லும் கட்டிப்பனியுமான திறந்த வெளி. 1996 மே 10 இரவு புயலில் சிக்கிய மலையேறிகள், கூடாரங்கள் பக்கத்திலேயே இருந்தும் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாமல், காங்சுங் விளிம்பருகே ஒடுங்கிக் கிடந்தார்கள். இடுக்கான கணவாயில் எப்படி வழி தவறினார்கள் என்று வாசகர் குழம்பினால் பிழை அவருடையதல்ல.

‘சேணம்’ என்பாரும் உண்டு. வடிவம் பொருந்துகிறது, ஆனால் ‘சேடில்’ என்ற வேறொரு கலைச்சொல்லுக்கு அது தேவைப்படுகிறது. ஒலிபெயர்ப்போ இன்னும் மோசம். ‘கோல்’ என்றால் தமிழில் தடி. சிலர் எழுதுவதுபோல் ‘கால்’ என்றால், கழுத்தையே கால் என்று படிக்க நேரும்.

மலைக்கு அடியும் முடியும் தோளும் சொல்லும் மொழியில் கழுத்துக்கு என்ன தடை? பொதுச்சொல்லாக ‘மலைக்கழுத்து’, பெயராக ‘தெற்குக் கழுத்து’, ‘வடக்குக் கழுத்து’. மூலத்தின் பொருளும் இதுவே.

அகராதியில் கண்ணில்பட்ட முதல் சொல்லை எடுத்துப் போடும் பழக்கம் இதோடு நிற்பதில்லை. எவரெஸ்ட் ஏறும் வழியிலுள்ள கும்பு ‘ஐஸ்ஃபால்’ சில இடங்களில் ‘பனிப்பொழிவு’ ஆகிவிடுகிறது. பனிப்பொழிவு வானத்திலிருந்து விழுவது. ஐஸ்ஃபால், பனியாறு செங்குத்துச் சரிவில் உடைந்து, வீடளவு பாளங்களாக நகரும் இடம். ‘பனியாற்று வீழ்ச்சி’ என்று எழுதலாம். 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே பனிச்சரிவில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த இடத்தைப் ‘பனிப்பொழிவு’ என்று எழுதினால், அவர்கள் எதைக் கடக்கும்போது இறந்தார்கள் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகிறது.