பயம் உடம்பில் ஓடும் வழி, தெரபிஸ்ட் அதைப் பிடிக்கும் இடம்

பதற்றத்தில் தவிக்கும் ஒருவரிடம் ‘ஒன்றும் ஆகாது, தைரியமா இரு’ என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் பிரயோஜனம் இருக்காது. ஒன்றும் ஆகாது என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. புத்திக்குப் புரிந்த சேதி உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. உடலை மையமாக வைத்து வேலை செய்யும் தெரபிஸ்ட்டுகள் தொடங்குவதே இந்த இடைவெளியில்தான்.

மூளையின் உள்ளே ஆழத்தில், பாதாம் பருப்பு அளவே உள்ள அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அதற்குத் தோன்றிவிட்டால் நாம் யோசித்து முடிக்கும்வரை அது காத்திருக்காது. உடம்பின் தானியங்கி வேலைகளை நடத்தும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதிக்குத் தகவல் போகிறது, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன, இதயம் வேகமெடுக்கிறது, செரிமானம் ஓரங்கட்டப்பட்டு ரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. சண்டை போடு அல்லது ஓடு என்ற இந்த ஏற்பாட்டை உடலியலாளர் வால்டர் கேனன் 1915-லேயே எழுதிவிட்டார். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, உறைந்துபோவது. எதிர்க்கவும் முடியாது ஓடவும் முடியாது என்ற நிலையில் உடம்பு அசைவற்றுப்போகும். ‘ஏன் கத்தவில்லை, ஏன் தடுக்கவில்லை’ என்று பாதிக்கப்பட்டவரைக் குடைகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

பெரிய அதிர்ச்சியைக் கடந்த சிலருக்குச் சம்பவம் முடிந்தபிறகும் இந்த அலாரம் அடங்குவதில்லை. ஒரு வாசனை போதும், கதவைப் படாரென்று சாத்தும் சத்தம் போதும். 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட 8 பேருக்கு அவரவர் அனுபவத்தையே ஒலிப்பதிவாகப் போட்டு, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அமிக்டலா உட்பட உணர்ச்சி சார்ந்த பகுதிகளில் செயல்பாடு கூடியது, பேச்சுக்கு உதவும் புரோக்கா பகுதியில் குறைந்தது. 8 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் நடந்ததைக் கோர்வையாகச் சொல்லச் சொன்னால் பலருக்கு ஏன் நாக்கு எழுவதில்லை என்பதற்கு அது ஒரு தடயம்.

அதனால் இந்தத் தெரபிஸ்ட் ‘அன்றைக்கு என்ன நடந்தது’ என்று எடுத்தவுடன் கேட்பதில்லை. ‘இப்போது உடம்பில் எங்கே என்ன தெரிகிறது’ என்பார். தொண்டையில் அடைப்பு, இறுகிய தாடை, தூக்கியபடியே நிற்கும் தோள்கள். அப்புறம், அதே உடம்பில் தொந்தரவில்லாத இடம் எது என்று தேடச் சொல்வார், தரையில் பதிந்த பாதமாக இருக்கலாம், நாற்காலியில் சாய்ந்த முதுகாக இருக்கலாம். கவனத்தை இறுக்கத்தின் பக்கம் கொஞ்ச நேரம் கொண்டுபோய், படபடப்பு ஏறத் தொடங்கியதும் பாதத்துக்குத் திருப்பி, அடங்கியபின் மறுபடி இறுக்கத்துக்குப் போய், இப்படிப் போய்வந்துகொண்டே இருப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின் உருவாக்கிய சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் முறையின் மையமும் இதுதான். அளவு சிறியதாக இருக்க வேண்டும், மொத்தமாகத் திறந்துவிட்டால் பழைய அதிர்ச்சியே திரும்பி வரும். படபடப்பு ஏறுகிறது, உச்சம் தொடாமலே இறங்குகிறது, கெட்டதாக எதுவும் நடக்கவில்லை. இது திரும்பத் திரும்ப நடந்தால், படபடப்பு வந்தாலே ஆபத்து என்று கற்றிருந்த மூளை வேறு ஒன்றையும் கற்றுக்கொள்கிறது.

உடம்பு வழியாக மூளையை எட்ட முடியுமா என்றால், பாதை ஏற்கெனவே இருக்கிறது. மூளையை இதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. இதில் மூச்சுக்குத் தனி இடம், ஏனென்றால் அது தானாகவும் நடக்கும், நாம் நினைத்தாலும் மாற்றலாம். இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடும்போது வேகஸ் அதைத் தணிக்கும். மூச்சை நிதானமாக, நீளமாக விடச் சொல்வது இதனால்தான். ‘நல்லா இழு, இன்னும் இழு’ என்று பதறுபவரை வற்புறுத்துவதோ எதிர்மாறாகப் போகும், தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, தலை சுற்றி, விரல்நுனி மரத்து, அதைக் கண்டு இன்னும் பயம் வரும். சிலருக்குக் கண்ணை மூடி உள்ளே கவனிப்பதே பீதியைக் கிளப்பும். அவர்களை அறையைச் சுற்றிப் பார்க்கச் சொல்வது, கண்ணில் படும் பொருள்களைச் சொல்லச் சொல்வது என்று வெளியிலிருந்து தொடங்க வேண்டும்.

‘அதிர்ச்சி தசையில் சேமிக்கப்பட்டிருக்கிறது, அதை வெளியே எடுக்கிறோம்’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். தசை இறுகுவது உண்மை, ஆனால் இறுகச் சொல்வது நரம்பு மண்டலம். பாதுகாப்பு உணர்வையும் பயத்தையும் உறைந்துபோவதையும் வேகஸ் நரம்பை வைத்து விளக்கும், ஸ்டீபன் போர்ஜஸ் என்ற ஆய்வாளர் 1994-ல் முன்வைத்த பாலிவேகல் கோட்பாட்டையும் இத்துறையில் பலர் முடிந்த முடிவாகவே பேசுகிறார்கள், அதன் உயிரியல் அடிப்படையை மறுக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சரி, விளக்கம் தடுமாறினாலும் பயிற்சி பலன் தரலாம். 2014-ல் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க்கின் குழு, அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் (PTSD) இருந்து மற்ற சிகிச்சைகளில் தேறாத 64 பெண்களிடம் 10 வார ஆய்வு நடத்தியது. யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேரிடமும், நலக்கல்வி வகுப்புக்குப் போனவர்களில் 21 சதவீதம் பேரிடமும் அந்த நோய்க்கான அளவுகோல் அதன்பின் பொருந்தவில்லை. சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்கை 2017-ல் 63 பேரிடம் சோதித்தபோதும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் ஒப்பிட்டது சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களோடு, வேறொரு நல்ல சிகிச்சையோடு அல்ல. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும், அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு (CBT) இதைவிட ஆதாரம் அதிகம், அதை விட்டுவிட்டு இதற்கு மாறச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நான் சந்தேகப்படுவேன்.

சில தெரபிஸ்ட்டுகள் தோளிலோ கையிலோ தொட்டும் வேலை செய்வார்கள். தொடாமலே மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்ய முடியும். தொடுவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும், வேண்டாம் என்று சொல்லியும் வற்புறுத்துகிறவரிடம் அடுத்த அமர்வுக்குப் போகாதீர்கள்.