கோபர் கேஸ், பயோகேஸ், சாண எரிவாயு: எந்தப் பேரு சரி?

மாட்டுச் சாணியிலேருந்து எடுக்கிற எரிவாயுவுக்கு என்ன பேருன்னு மாடு வச்சிருக்கிற வீட்டுல போய்க் கேட்டா கோபர் கேஸ்னுதான் சொல்வாங்க, வயசானவங்க சிலர் கோபார் கேஸ்னு இழுப்பாங்க, பாடப் புத்தகத்துல சாண எரிவாயுன்னு இருக்கும், மானியம் பத்திப் பேசுறவங்க பயோகேஸ்னு சொல்வாங்க. மூணும் ஒண்ணுதானேன்னு தோணும், ஆனா கொஞ்சம் வித்தியாசம் இருக்கு.

கோபர்னா இந்தியில மாட்டுச் சாணி. மத்திய அரசோட காதி கமிஷன் 1960கள்ல இந்த வாயுவை உண்டாக்குற கலனை ஊர் ஊரா கொண்டுபோனப்ப அந்தப் பேரும் கூடவே வந்துருச்சு. கேஸ் இன்னும் பழைய கதை, 17ஆம் நூற்றாண்டுல வான் ஹெல்மோன்ட்னு ஒரு பிளெமிஷ் வேதியியலாளர் 'கேயாஸ்'ங்கிற கிரேக்கச் சொல்லை மனசுல வச்சு உண்டாக்கின சொல் அது. பயோவும் கிரேக்கம்தான், உயிர்னு அர்த்தம்.

இங்கதான் பலர் தப்பு பண்றாங்க. பயோன்னா உயிர், கேஸ்னா வாயு, அப்ப பயோகேஸ்னா உயிர்வாயுன்னு எழுதிடறாங்க. உயிர்வாயு, உயிர்வளி, பிராணவாயு எல்லாமே நாம ஆக்சிஜனுக்கு வச்சிருக்கிற பேரு! இதுவோ ஆக்சிஜனே உள்ள போகக்கூடாதுன்னு மூடி வச்ச தொட்டியில நுண்ணுயிர்கள் சாணியைச் செரிச்சு வெளிய விடுற வாயு, ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன், மிச்சத்துல பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. அதனால 'உயிரி எரிவாயு'ன்னு எழுதுறதுதான் சரி, அந்த 'எரி'யை விட்டுறவே கூடாது. வாயு வடசொல், வேண்டாம்னு நினைக்கிறவங்க எரிவளின்னு எழுதலாம், வளி தொல்காப்பியத்துலயே ஐம்பூதத்துல ஒண்ணா வர்ற சொல், வளிமண்டலம்னு இன்னைக்கும் படிக்கிறோமே.

என்னைக் கேட்டா, சாணியிலேருந்து வந்தா சாண எரிவாயுன்னே சொல்லுங்க, எதுலேருந்து வருதுன்னு பேருலயே தெரியுது. சமையல் கழிவு, கக்கூஸ் கழிவு எல்லாம் சேர்ந்தா உயிரி எரிவாயு.

அடுத்து 'கம்யூனிட்டி பயோகேஸ்', அதாவது ஒரு ஊருக்கே பொதுவா ஒரு கலன் வச்சு எடுக்கிற வாயு. இதை சமூக எரிவாயுன்னு மொழிபெயர்க்கிறது எனக்குப் பிடிக்கல, ஏன்னா நம்ம ஊர்ல 'எங்க சமூகம்'னு ஒருத்தர் சொன்னா அது பெரும்பாலும் சாதியைத்தான். எல்லாருக்குமான ஒரு கலனுக்கு அந்தப் பேரா? பொதுக்கிணறுன்னு சொல்ற மாதிரி 'ஊர்ப் பொது எரிவாயு'ன்னு சொன்னா யாருக்கும் புரியும்.

அந்தப் பொதுங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்னு காட்டினது கர்நாடகாவுல தும்கூர் மாவட்டத்துல இருக்கிற புரா கிராமம், அப்ப நூறு வீடுகூட இல்லாத ஊர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல விஞ்ஞானி அமுல்ய ரெட்டி கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்காக 1974ல ஆரம்பிச்ச 'அஸ்த்ரா' குழு அங்க ஊருக்குப் பொதுவா கலன் கட்டுச்சு. முதல்ல நினைச்சது சமையலுக்கு, ஆனா இருக்கிற மாட்டுச் சாணியில வர்ற கேஸ் எல்லா அடுப்புக்கும் காணாது, ஒரு குடும்பத்துக்கு சமைக்கிற அளவு 2 கன மீட்டர் கலனுக்கே தினமும் சுமார் 50 கிலோ சாணி வேணும், அப்ப நாலஞ்சு மாடாவது வேணும், மாடே இல்லாத வீடு என்ன பண்ணும்? அதனால 1987 வாக்குல அந்த கேஸை கொஞ்சம் டீசலோட சேர்த்து இன்ஜின்ல விட்டு கரண்ட் எடுத்து, போர்வெல் தண்ணி இறைச்சு குழாய்ல விட்டு, வீடுகளுக்கு லைட்டும் போட்டாங்க. சாணி கொண்டுவந்து குடுத்தா கிலோவுக்கு 2 பைசா, அதோட கேஸ் எடுத்த பிறகு மிஞ்சற சாணியும் எருவுக்குத் திரும்பக் கிடைக்கும். மாடு இல்லாத வீட்டுக்கும் தண்ணி வந்துச்சு, லைட் எரிஞ்சுது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அதுதான்.

கடைசியா ஒண்ணு. அப்படி மிஞ்சி வெளிய வர்றதை எல்லாரும் ஸ்லரின்னு சொல்றோம், சிலர் 'கழிவு'ன்னு எழுதறாங்க, அது தப்பு. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) அதுலயேதான் இருக்கு. உள்ள ஊத்துறது சாணக் கரைசல், வெளிய வர்றது செரிச்ச சாணம், வயலுக்குப் போற எரு.