ராணுவ ரைஃபிள் கொள்முதல்: தோட்டா முதலில், துப்பாக்கி அப்புறம்

லீவில் ஊருக்கு வரும் பட்டாளத்துப் பிள்ளைகளிடம் "இப்ப என்ன துப்பாக்கி குடுத்திருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் இன்சாஸ் என்பார், இன்னொருவர் சிக் 716 என்பார், ஏகே-203 என்றும் பதில் வரும். மூன்றுக்கும் தோட்டா வேறு வேறு. ஒன்றில் போடுவதை இன்னொன்றில் போட முடியாது. இதை யார், எந்த விதிப்படி முடிவு செய்கிறார்கள் என்பது தஞ்சாவூர், திருவாரூர் வீடுகளுக்கும் திருச்சியை அடுத்த திருவெறும்பூர், துவாக்குடி பட்டறைகளுக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் தோட்டா. இன்சாஸுக்கு 5.56×45. முதல் எண் குண்டின் தோராயமான விட்டம், இரண்டாவது பித்தளைக் கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். இந்தத் தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். சிக் 716 சுடும் 7.62×51 சுமார் 24 கிராம். அதாவது அதே எடைக்குப் பாதித் தோட்டாதான் சுமக்கலாம். பதிலுக்கு, குண்டு கனமானது, 500 மீட்டருக்கும் அடி பலமாக விழும். ஏகே-203 சுடும் 7.62×39 இரண்டுக்கும் நடுவில், 16, 17 கிராம். சுமார் 300 மீட்டருக்குள் நடக்கும் சண்டைக்கு ஏற்றது. அதன் கூடு அடியிலிருந்து நுனிக்குச் சற்றே ஒடுங்கிப் போகும். அடுக்கினால் வரிசை வளையும், அதனால்தான் ஏகேயின் தோட்டாப் பெட்டியான மேகசின் வளைந்திருக்கிறது. 7.62 என்ற எண் பொதுவாக இருந்தாலும் 51-ம் 39-ம் ஒன்றுக்கொன்று சேராது.

நெல் ரகத்தை முடிவு செய்துவிட்டால் நாற்றங்கால் தேதி, தண்ணீர், உரம், அறுப்பு எல்லாம் அதன் பின்னால் போவது போலத்தான் இதுவும். தோட்டா அளவை, அதாவது காலிபரை, முடிவு செய்தால் குழாய், மேகசின், தோட்டாத் தொழிற்சாலை, கிடங்கு, பயிற்சி எல்லாம் பல பத்தாண்டுகளுக்கு அதற்குக் கட்டுப்பட்டுவிடும்.

இதற்கான விதிப்புத்தகம் 2020 அக்டோபர் 1-ல் நடப்புக்கு வந்த பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை. ராணுவம் முதலில் கம்பெனிகளிடம் தகவல் கேட்கும். அப்புறம் தனக்கு வேண்டிய தகுதிகளை எழுதும். காலிபர், தூரம், எடை எல்லாம் இந்தக் காகிதத்தில்தான் முடிவாகின்றன. பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் கவுன்சில் 'தேவை உண்டு' என்று ஒப்புதல் தந்த பிறகு டெண்டர் வரும். கம்பெனிகள் தங்கள் செலவிலேயே துப்பாக்கியைக் கொண்டுவந்து சோதனைக்குக் கொடுக்க வேண்டும். தேறியவற்றில் விலை குறைந்ததோடு பேரம் பேசி ஒப்பந்தம் போடுவார்கள். இந்தியாவில் வடிவமைத்து இந்தியாவிலேயே செய்ததற்குத்தான் முதல் முன்னுரிமை, அதில் உள்நாட்டுப் பங்கு குறைந்தது 50 சதவீதம் இருக்க வேண்டும். அவசரமென்றால் விரைவுக் கொள்முதல் என்ற தனி வழியும் இருக்கிறது.

தகுதிக் காகிதம் தடுமாறினால் என்ன ஆகும் என்பதை 2011-ல் பார்த்தோம். குழாயை மாற்றினால் 5.56-ம் சுட வேண்டும், 7.62×39-ம் சுட வேண்டும் என்று டெண்டர் போட்டார்கள். எந்தத் துப்பாக்கியும் திருப்தியாகத் தேறவில்லை, 2015-ல் ரத்து செய்தார்கள். அத்தனை வருடமும் எல்லையில் நின்றவர்கள் கையில், கார்கிலிலேயே குறை சொல்லப்பட்ட இன்சாஸ்தான் இருந்தது. இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு வேலையைப் பிரித்தார்கள். 2019 பிப்ரவரியில் விரைவு வழியில் 72,400 சிக் 716 வாங்கினார்கள், 2024-ல் மேலும் சுமார் 73,000. மற்ற பெரும்பகுதிக்கு ஏகே-203: 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்குச் சற்று மேல் ஒப்பந்தம், உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டம் கோர்வாவில் உற்பத்தி. தூரத்துக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று என்பது நியாயமான முடிவுதான். ஆனால் இன்சாஸ் முழுதும் கழியும்வரை மூன்று வகைத் தோட்டாவையும் மலைமுகாம் வரை தனித்தனியாகக் கொண்டுபோக வேண்டும்.

நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. இதே 7.62×39 தோட்டாவைச் சுடும் டிரிச்சி அசால்ட் ரைஃபிளை அங்கே செய்கிறார்கள். ராணுவத்தின் பெரிய ஆர்டர் அமேதிக்குப் போனாலும் இந்தத் துப்பாக்கியை வாங்கப் போலீஸ் படைகள் இருக்கின்றன.

பட்டறைக்காரர்களுக்கு உள்ள உரிமை இது. பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்துபவற்றுக்கு 3. ஆயுத இறக்குமதி இந்தக் கணக்கில் வராது. குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் டெண்டர் படிவக் கட்டணமும் முன்வைப்புத் தொகையும் கிடையாது. உங்கள் விலை, குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் அதிகமாக இருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கிவரச் சம்மதித்தால் ஒரு பங்கு ஆர்டர் கேட்கலாம். பொருள் வாங்கி விற்பவர்களுக்கு இது பொருந்தாது, செய்பவர்களுக்கு மட்டும்தான். இறக்குமதியைக் குறைக்க எந்தெந்தப் பாகங்களை உள்ளூரில் தேடுகிறார்கள் என்பது ஸ்ரீஜன் தளத்தில் இருக்கும்.

டெண்டரில் கேட்பது எந்தத் துப்பாக்கிக்கான பாகம் என்று முதலில் பாருங்கள். இன்சாஸ் ஓய்வுபெறப்போகும் துப்பாக்கி, அதை மட்டும் நம்பிப் புது டை போட்டுக் காசை முடக்க வேண்டாம். சுடும் பாகங்கள் செய்ய 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், ஜிக், ஃபிக்ஸ்சர், பேக்கிங் பெட்டிக்கு வேண்டாம். சரக்கை ஏற்றுக்கொண்டபின், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், அதற்கான அரசுத் தளத்தில் மனு போடலாம்.