தொட்ட செட்டிங்கைத் திருப்பி வைத்தால் மட்டும் போதுமா?

ஃபைலில் 3.75 என்று இருக்கிறது. ப்ரோக்ராம் அதை 3 என்று படிக்கிறது. எரர் இல்லை, கிராஷ் இல்லை, லாகில் ஒரு வரிகூட இல்லை. சென்னையில் டெவலப்பர் ஓட்டினால் சரியாக 3.75 வருகிறது, ஜெர்மனியில் கிளையன்ட் ஓட்டினால் 3. கோட் ரிவியூ செய்கிறவர்களுக்கு இது பழக்கமான தலைவலிதான். எண்ணைப் படிக்கும் ஃபங்ஷனை வரிவரியாகப் பார்த்தாலும் ஒன்றும் சிக்காது, ஏனென்றால் தப்பு அங்கே இல்லை; வேறெங்கோ ஒரு ஃபங்ஷன் ப்ரோக்ராம் முழுவதற்குமான ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காமல் போயிருக்கிறது.

அந்த செட்டிங்கின் பெயர் லொகேல்: எண், தேதி போன்றவற்றை எந்த ஊர் வழக்கப்படி எழுதுவது, படிப்பது என்று சொல்வது. சி மொழி ப்ரோக்ராம் எதுவும் 'சி' என்கிற லொகேலில்தான் தொடங்கும். அதில் தசமத்துக்குப் புள்ளி. நடுவில் யாராவது 'செட்லொகேல்' ஃபங்ஷனை வெற்று ஸ்ட்ரிங் கொடுத்து அழைத்தால், ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்) முழுவதும் அந்தக் கணினியின் லொகேலுக்கு மாறிவிடும். ஜெர்மன், பிரெஞ்சு லொகேல்களில் தசமத்துக்குக் காற்புள்ளி. எனவே எழுத்தை எண்ணாக மாற்றும் 'ஸ்ட்ர்டூடி' (strtod) 3 வரைக்கும் படித்துவிட்டுப் புள்ளியைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது. எழுதும்போது இன்னும் மோசம்: 'பிரிண்ட்எஃப்' (printf) 3,75 என்று எழுதும், காற்புள்ளியால் காலம் பிரிக்கும் சிஎஸ்வி ஃபைலாக இருந்தால் ஒரு எண் இரண்டு காலமாக உடையும். தமிழ் லொகேலிலும் இந்திய ஆங்கில லொகேலிலும் தசமம் புள்ளிதான் என்பதால் நம் ஊர் மெஷின்களில் இந்த பக் தலைகாட்டவே காட்டாது.

'செட்லொகேல்' அழைத்தது பெரும்பாலும் நீங்களாக இருக்கமாட்டீர்கள். லினக்ஸில் கியூட்டி (Qt) என்கிற விண்டோ, பட்டன் லைப்ரரி தொடங்கும்போதே சிஸ்டம் லொகேலை எடுத்துக்கொள்கிறது. எண்களுக்கு மட்டும் திரும்ப 'சி' லொகேல் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதன் ஆவணமே சொல்கிறது. சொல்லிவிட்டுச் செய்வதில் எனக்குப் புகார் இல்லை. மாதப் பெயரை உள்ளூர் மொழியில் காட்ட லொகேலை மாற்றிவிட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போகிற சின்ன ஃபங்ஷன்தான் ஆபத்து. அழைத்தவன் கேட்டது ஒரு பெயர். கூடவே நிலையையும் மாற்றிக் கொடுத்தால் அவனுக்கு எப்படித் தெரியும்?

குளோபல் ஸ்டேட், அதாவது ப்ரோக்ராமின் எல்லாப் பகுதிக்கும் பொதுவான நிலை, என்றதும் பலர் தாங்கள் எழுதிய குளோபல் வேரியபிளை மட்டும் நினைக்கிறார்கள். வொர்க்கிங் டைரக்டரி, என்விரான்மென்ட் வேரியபிள், டைம்ஸோன், ரேண்டம் சீட் எல்லாம் இதில் சேர்த்தி. பிராசஸர் தசம எண்களைக் கணக்கிடும் மிதவைப் புள்ளி செட்டிங்கூட. ஜிசிசி என்கிற கம்பைலரில் கணக்கை வேகமாக்கும் 'ஃபாஸ்ட் மேத்' ஆப்ஷனோடு கட்டிய ஷேர்ட் லைப்ரரியை (ப்ரோக்ராம் ஓடும்போது சேர்த்துக்கொள்ளும் லைப்ரரி) லோடு செய்தாலே போதும், எக்ஸ்86 மெஷினில் மிகச்சிறிய எண்களைப் பூஜ்ஜியமாக்கும் முறை அந்த த்ரெட்டில் (ஒரே ப்ரோக்ராமுக்குள் இணையாக ஓடும் வேலைகளில் ஒன்று) இயக்கப்பட்டுவிடும். அதிலுள்ள ஒரு ஃபங்ஷனைக்கூட அழைக்க வேண்டியதில்லை. ஜிசிசி 13-இல்தான் ஷேர்ட் லைப்ரரிகளுக்கு இதை நிறுத்தினார்கள்.

மாற்றினால் திருப்பி வை. வாடகை சைக்கிளின் சீட் உயரம் மாதிரி என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்வேன். ஆனால் திருப்பி வைப்பதிலேயே குழிகள் இருக்கின்றன. பழைய லொகேலைத் தெரிந்துகொள்ள 'செட்லொகேல்' ஒரு பாயின்டரை (பெயர் மெமரியில் இருக்கும் முகவரியை) தருகிறது. அதை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை 'செட்லொகேல்' அழைத்ததும் அந்தப் பாயின்டர் காட்டும் ஸ்ட்ரிங் மாறிப்போயிருக்கலாம். கடைசியில் திருப்பி வைப்பது பழையதையா, புதியதையா என்றே நிச்சயம் இல்லை. ஸ்ட்ரிங்கை நகல் எடுத்துத்தான் வைக்க வேண்டும். இன்னொரு குழி, நடுவில் ஒரு ரிட்டர்ன் அல்லது எக்ஸெப்ஷன் (பிழை வந்து பாதியிலேயே வெளியேறுவது): திருப்பி வைக்கும் வரி கடைசியில் இருக்கிறது, கன்ட்ரோல் அங்கே போய்ச் சேர்வதே இல்லை.

புள்ளியியலுக்கான ஆர் மொழிக்காரர்கள் இதில் ஒழுங்கானவர்கள். 'ஆப்ஷன்ஸ்' ஃபங்ஷன் மாற்றும்போதே பழைய மதிப்பைத் திருப்பிக் கொடுக்கும். அதை வாங்கிய அடுத்த வரியிலேயே 'ஆன் எக்ஸிட்' எழுதிவிட்டால், ஃபங்ஷன் எந்த வழியாக வெளியேறினாலும் பழையது திரும்பிவிடும். ஆர் பேக்கேஜ்களின் களஞ்சியமான கிரானுக்குப் (CRAN) பேக்கேஜ் அனுப்புகிறவர்களிடம் இதைக் கேட்டே வாங்குகிறார்கள்.

சிறிய ஃபங்ஷனுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. ஒரு ஃபைலைத் திறக்க முடியவில்லை, காரணம் கடைசிப் பிழையின் எண்ணை வைக்கும் 'எர்நோ'வில் (errno) இருக்கிறது. மெமரியை 'ஃப்ரீ' செய்துவிட்டு அந்த எர்நோவைப் பார்க்கிறோம். இடையில் 'ஃப்ரீ' அதை மாற்றிவிட்டால் உண்மையான காரணம் போச்சு. லினக்ஸின் சி லைப்ரரியான கிளிப்சி (glibc) 2.33 முதல்தான் 'ஃப்ரீ' எர்நோவைத் தொடாமல் காக்கிறது. சிக்னல் ஹேண்ட்லர் (சிஸ்டம் அனுப்பும் சிக்னல் வந்ததும் நடுவில் குறுக்கிட்டு ஓடும் ஃபங்ஷன்) எழுதுகிறவர்கள் இன்றும் நுழைந்ததும் எர்நோவை எடுத்து வைத்து, வெளியேறும்போது திருப்பி வைக்கத்தான் வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் த்ரெட் வந்தால் கதை கந்தல். நீங்கள் மாற்றி, திருப்பி வைப்பதற்குள் இன்னொரு த்ரெட் அதே லொகேலைப் படித்துவிடும். பைதான் 3.11-இல் வந்த 'கான்டெக்ஸ்ட்லிப் சேஞ்ச் டைரக்டரி' (contextlib.chdir) வெளியேறும்போது பழைய டைரக்டரிக்குத் தானே திரும்பும். ஆனால் வொர்க்கிங் டைரக்டரி ப்ராசஸ் முழுக்க ஒன்றே என்பதால் த்ரெட்டுகளோடு பாதுகாப்பில்லை என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. சப்ப்ராசஸ் (உங்கள் ப்ரோக்ராம் தொடங்கும் இன்னொரு ப்ரோக்ராம்) ஓட்டுவதற்காக டைரக்டரி மாற்றுகிறீர்கள் என்றால், சப்ப்ராசஸுக்கே டைரக்டரியை ஆர்க்யுமென்டாகக் கொடுக்கலாம். எதையும் மாற்ற வேண்டாம். லொகேலுக்கு 'யூஸ்லொகேல்' இருக்கிறது, அந்த ஒரு த்ரெட்டை மட்டும்தான் மாற்றும். சி++17-இல் எண் படிக்க 'ஃப்ரம் சார்ஸ்' லொகேலைக் கண்டுகொள்வதே இல்லை. எனவே ரிவியூவில் நான் முதலில் கேட்பது, இந்த மாற்றம் தேவைதானா, ஆர்க்யுமென்டாக அனுப்ப முடியாதா என்பது. திருப்பி வைப்பதைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். நிலையை மாற்றுவதே வேலையாக உள்ள ஃபங்ஷன் வேறு கணக்கு. அதன் பெயரே அதைச் சொல்லட்டும்.

டெஸ்ட் எழுதும்போது ஜெர்மன் லொகேல் வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் ஒரு கண் வையுங்கள்: கன்டெய்னர் இமேஜில் அந்த லொகேல் நிறுவப்படாமல் இருந்தால் 'செட்லொகேல்' எதையும் மாற்றாமல், முடியவில்லை என்பதற்கு அடையாளமாக 'நல்' (NULL) மதிப்பைத் திருப்பிவிடும். ரிட்டர்ன் வேல்யூவைப் பார்க்காத டெஸ்ட் பச்சையாகவே பாஸ் ஆகும்.