திண்ணைக்கு எத்தனை அடி?

கடலோர ஊரான கீழக்கரையில் பழைய வீடுகள் மிச்சமிருக்கும் தெருவில், சித்திரை வெயிலில் நிழலுக்கு ஒதுங்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. திண்ணை இருக்கிறது. புதிய வீடுகளின் முன்னாலும் அதைப் போல ஒன்றைக் கட்டுகிறார்கள். வழுக்கும் டைல்ஸ், எவர்சில்வர் கம்பித் தடுப்பு, மூன்றடி அகலம். அங்கே செருப்புகள்தான் குடியிருக்கின்றன.

இந்த வித்தியாசத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர். 1936இல் வியன்னாவில் பிறந்தவர். கணிதமும் கட்டடக்கலையும் படித்தவர். நல்ல கட்டடங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் தீர்வுகளைத் தன் குழுவினரோடு திரட்டி, 1977இல் 253 வடிவமைப்புப் பாங்குகளாக வெளியிட்டார். (கட்டடக்காரர்களைவிட மென்பொருள்காரர்கள்தான் அவரை ஆர்வமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது வேடிக்கை.) அந்தப் பாங்குகளில் ஒன்று சொல்கிறது: ஆறடி ஆழம் இல்லாத பால்கனியில் யாரும் அதிகம் உட்காருவதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து, கால் நீட்டி, நடுவே தேநீர் வைக்க அவ்வளவு இடமாவது வேண்டாமா?

பாங்கு என்று அவர் சொன்னது வெறும் உருவத்தை அன்று. ஓரிடத்தில் மோதிக்கொள்ளும் தேவைகளும், அவற்றைச் சமாதானப்படுத்தும் அமைப்பும் சேர்ந்ததே பாங்கு. தெருவைப் பார்க்க வேண்டும், ஆனால் வீட்டின் அந்தரங்கம் கெடக்கூடாது. காற்று வேண்டும், வெயில் வேண்டாம். இந்த இழுபறிக்குக் கிடைத்த விடைதான் திண்ணை.

முற்றத்தின் கதை இன்னும் நுட்பமானது. கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் செட்டிநாட்டில் முற்றத்துத் தரை இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை உமிழ்ந்து குளிர்கிறது. குளிர்ந்த கனமான காற்று அங்கே தங்கி, காலையில் அறைகளுக்குள் பரவுகிறது. கடலோரத்தில் இந்த உத்தி அவ்வளவாகப் பலிக்காது. ஈரக் காற்று வெப்பத்தை எளிதில் தப்பவிடாது. இரவுக்கும் பகலுக்கும் வெப்ப வேறுபாடும் குறைவு. இங்கே உடலைக் குளிர்விப்பது வியர்வையை உலர்த்தும் காற்றோட்டம். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று எழ, கடற்காற்று உள்ளே வருகிறது. வாசலும் கொல்லைக் கதவும் நேர்கோட்டில் இருந்தால் அது திண்ணை நிழலைக் கடந்து, முற்றத்தின் வழியே ஓடிவிடும். ஒரே முற்றம்தான், செய்யும் வேலை வேறு.

உப்பும் ஒரு கட்டடக் கணக்குதான். கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டுக்குள் ஊடுருவி, கம்பியைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை உடைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்துச் சில்லுச் சில்லாக உதிர்கிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் கூரை போய்விட்டது. மொட்டைச் சுவர்கள் நிற்கின்றன. சுவருக்குள் கம்பி இல்லை, துருவும் இல்லை.

அதற்காக மீண்டும் பவளக்கல் வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல் தேசியப் பூங்காவாயின. பவளம் இன்று சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. பழைய கல்லை விட்டுவிடலாம். பழைய கணக்கை விட வேண்டியதில்லை: உப்புக்கு நடுவே இரும்பை எவ்வளவு குறைக்கலாம், தவிர்க்க முடியாத இடத்தில் எத்தனை அங்குல கான்கிரீட்டுக்குள் புதைக்கலாம்?

மூன்றடித் திண்ணைக்காரர்கள் மாலையானதும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவில் இழுத்துப்போட்டு உட்கார்கிறார்கள்.