பார்த்துக்கொள்கிற ஆச்சியை யார் பார்ப்பது?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவர் நான். சென்ற வாரம் ஒரு வீட்டில் கேட்ட பேச்சு இன்னும் மனத்தில் ஆறவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த இளைய மகன், தாயின் படுக்கைப் புண்ணைப் பார்த்துவிட்டு அண்ணியிடம் கேட்டார்: "வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள், இதைக்கூடக் கவனிக்கக் கூடாதா?" அந்த அண்ணி, எங்கள் பக்கத்து வழக்கில் ஆச்சி, பதில் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அவருக்கே அறுபதைத் தாண்டிவிட்டது. இதே பேச்சை எத்தனை வீட்டில்தான் கேட்பது?

சும்மாவா? அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். ஓரிரவு அசையாமல் கிடந்தாலே புண் வந்துவிடும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகத்தான் கொடுக்க முடியும்; அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். நம் வீடுகளோ முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டு கிடப்பவை. கழிப்பறை கடைசியில், வழியெல்லாம் நிலைப்படி. ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் மாமியாரின் எடை முழுவதும் மருமகளின் இடுப்பில் இறங்குகிறது. அந்த வீட்டில் மாமியாரின் மாத்திரை டப்பா வேளைவாரியாக நிரம்பியிருந்தது. அதன் பக்கத்திலேயே ஆச்சியின் ரத்த அழுத்த மாத்திரை அட்டை, காலியாக.

"பணம் அனுப்புகிறோமே" என்பார்கள். அனுப்புங்கள், காற்று மெத்தைக்கு வேண்டும். ஆனால் சம்பள ஆள் மாலையில் போய்விடுகிறார்; இரவு முழுவதும் ஆச்சியின் தலையில்தான். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பெற்றோருக்குப் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தருகிறது. பார்த்துக்கொள்கிறவருக்கு அதில் எதுவும் இல்லை. குடும்பமாவது அவருக்கென்று ஒரு தொகையை அவர் கையிலேயே கொடுக்கலாம்.

ஊருக்கு வருகிறவர்களே, குற்றம் கண்டுபிடிக்க வராதீர்கள். இருக்கும் நாட்களில் இரவில் புரட்டுவதை நீங்கள் செய்யுங்கள், அவர் தூங்கட்டும். கமோடு நாற்காலி ஒன்று வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சியும் வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567.

ஆச்சி, உங்களுக்கும் ஒன்று. தயவுசெய்து தனியாகத் தூக்காதீர்கள். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் வந்தாலோ, மாமியாரை யாரிடமாவது விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.